முட்டாமல் போனால் என்ன நடக்கும்? போட்டோன் மோதுகை பற்றி என்னிடம் கேட்கப்பட்டவை

திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பெடியளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். 2025 மே மாதம் ‘சேர்ன் ஆய்வுகூடத்தில் ஈயம் பொன்னாக மாறியது’ என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றியது. அன்றிலிருந்து வகுப்பில், கடற்கரையில், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. ஒரே பதிலைப் பத்துத் தரம் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். சொற்கள் எங்கள் பாடப்புத்தகத்துச் சொற்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் துணிக்கை என்றால் துகள், ஏற்றம் என்றால் மின்னூட்டம், இலத்திரன் என்றால் எலக்ட்ரான், புரோத்தன் என்றால் புரோட்டான் என்று வாசித்துக்கொள்ளலாம்.

சேர்னில் எதை எதோடு மோத விடுகிறார்கள்?

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், நிலத்துக்குக் கீழே 27 கிலோமீற்றர் சுற்றளவில் ஒரு வளையம். பெயர் பெரிய ஹாட்ரான் மோதுவி. வருடத்தின் பெரும்பகுதி புரோத்தனும் புரோத்தனும். ஏறத்தாழ ஒரு மாதம் மட்டும் ஈயக் கருவும் ஈயக் கருவும். இரண்டு கற்றைகள் எதிரெதிராக, ஒளியின் வேகத்துக்கு மயிரிழை குறைவான வேகத்தில் ஓடும். நான்கு இடங்களில் குறுக்கிடும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சோதனைக் குழு உணரி வைத்துக் காத்திருக்கும்; கீழே வரும் அட்லஸ், அலிஸ், சி.எம்.எஸ். எல்லாம் அந்தக் குழுக்கள்தான். 2012இல் ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டது இங்கேதான்.

மோதுகிறதைப் படிப்பது சரி. மோதாமல் விலகிப் போகிறதில் படிக்க என்ன இருக்கிறது?

இதைக் கேட்டவர் ஒரு மீன்பிடிக்காரர். அவரிடமே திருப்பிக் கேட்டேன்: “அண்ணை, சீனன்குடாப் பக்கம் மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வரும்போது உங்கட வள்ளத்தை முட்டுமா?” முட்டாது என்றார். “பிறகு ஏன் பயப்படுகிறீர்கள்?” “அது போன பிறகு வாற அலைதான் ஆளைக் கவிழ்க்கும்” என்றார். ஒருமுறை அப்படி வந்த அலையில் கூடை நிறையச் சாளை மீன் திரும்பவும் கடலுக்கே போனதாம்.

ஈயக் கருவும் அப்படித்தான். அதன் விட்டம் சுமார் 14 பெம்டோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சம் கோடியாக வெட்டினால் ஒரு துண்டுதான் ஒரு பெம்டோமீற்றர். இரண்டு கருக்களின் மையங்கள் அந்த 14ஐ விடக் கூடிய தூரத்தில் விலகிப் போனால் முட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் 82 நேரேற்றங்களைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்த ஏற்றத்தின் மின்காந்தப் புலம் கருவுக்கு வெளியேயும் பரந்திருக்கிறது. ஒன்றின் புலம் மற்றதில் படும். சில வேளை புலமும் புலமும் ஒன்றோடொன்று படும். அப்போது புதிய துணிக்கைகள் பிறக்கின்றன. இதைத்தான் போட்டோன் மோதுகை என்கிறார்கள்; போட்டோன் என்றால் ஒளியின் ஒரு சிறு பொதி.

கப்பல் உவமையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அலை கப்பலை விட்டுப் பிரிந்து தன் வழியே போய்விடும். ஏற்றத்தின் புலமோ ஏற்றத்தோடு ஒட்டியே ஓடும். இந்த வித்தியாசம் கீழே இரண்டு கேள்வி தள்ளித் திரும்ப வரும்.

கருவுக்கும் புரோத்தனுக்கும் போட்டோன் எங்கே இருந்து வந்தது? போட்டோன் என்றால் வெளிச்சம் அல்லவா?

1924இல் என்ரிக்கோ பெர்மி என்ற இத்தாலியர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், அழகான ஒரு கணக்குப் போட்டார். வேகமாகக் கடந்து போகும் ஏற்றத்தை ஓர் அணு எப்படி உணரும்? ஏற்றம் சும்மா நின்றால் அதன் மின்புலம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, பந்துபோல இருக்கும். வேகம் கூடக்கூடப் புலம் ஓடும் திசையில் நசுங்கி, பக்கவாட்டில் பலமாகும். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது பந்து அப்பளமாகிவிடும். சேர்னின் ஈயக் கற்றையில் இந்த நசுக்கம் சுமார் 2,700 மடங்கு.

இந்த அப்பளம் ஓர் அணுவைக் கடந்து போகும்போது, அணுவுக்குத் தெரிவதெல்லாம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் ஒரு மின்புலமும் அதற்குச் செங்குத்தான ஒரு காந்தப்புலமும்தான். செங்குத்தாக இரண்டு புலங்கள், ஒளியின் வேகத்தில் ஒரு துடிப்பு. இது ஒளியேதானே! ஆகவே கடந்து போகும் ஏற்றத்தை ஒரு போட்டோன் கூட்டமாகவே எண்ணிக் கணக்குப் போடலாம் என்றார் பெர்மி. 1934இல் வைட்சேக்கரும் வில்லியம்சும் இதைச் சார்புக் கொள்கைக்கு ஏற்ப விரித்தார்கள். நூறு வருடம் கழிந்தும் சேர்னில் கணக்குத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

துடிப்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உயர்ந்த மீடிறன்கள் (அதிர்வெண்கள்) அதில் இருக்கும். உயர்தர மாணவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: மீடிறன் கூடினால் போட்டோனின் சக்தி கூடும். சேர்னின் ஈயக் கற்றையில் ஒரு போட்டோனுக்கு ஏறத்தாழ 80 கிகா இலத்திரன்வோல்ட் வரை கிடைக்கும். இலத்திரன்வோல்ட் துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு, கிகா என்றால் நூறு கோடி. நாங்கள் கண்ணால் பார்க்கும் வெளிச்சத்தின் போட்டோனுக்கு இரண்டு மூன்று இலத்திரன்வோல்ட்தான்.

அது உண்மையான போட்டோனா, கணக்குக்காகச் சொல்லும் போட்டோனா?

கொஞ்சம் அது, கொஞ்சம் இது. புலம் ஏற்றத்தோடு ஒட்டியிருப்பதால் அதைக் கண்டிப்பாக மாயப் போட்டோன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஈயக் கரு முழுசாக ஒன்றுசேர்ந்து வெளிவிடும் போட்டோனின் குறுக்குவாட்டு உந்தம், அதாவது கற்றைக்குச் செங்குத்தான திசையில் உள்ள உந்தம், மிகமிகச் சிறியது. அதனால் உண்மைப் போட்டோனிலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பதில் பெரும்பாலும் பயனில்லை.

ஏன் ஈயம்? புரோத்தன் போதாதா?

போட்டோன்களின் எண்ணிக்கை ஏற்றத்தின் வர்க்கமாகக் கூடும். 82ஐ 82ஆல் பெருக்கினால் 6,724. போட்டோனும் போட்டோனும் சந்திக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் இந்தப் பெருக்கம் வேண்டும்: 6,724 தர 6,724, கிட்டத்தட்ட நாலரைக் கோடி. புரோத்தன் சோடியை விட ஈயச் சோடிக்கு இவ்வளவு அனுகூலம்.

ஆனால் ஈயக் கரு பருத்தது. ஆகவே அதன் போட்டோன்களின் சக்தி 80 கிகாவோடு ஓய்ந்துவிடுகிறது. புரோத்தன் சின்னது, வேகமும் கூட. அதன் போட்டோன்கள் ஆயிரம் கிகாவையும் தாண்டும். எண்ணிக்கை வேண்டுமா, ஈயம். சக்தி வேண்டுமா, புரோத்தன்.

வெளிச்சமும் வெளிச்சமும் முட்டுமா? முட்டினால் எங்களுக்கு ஏன் தெரிவதில்லை?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஒரு மின்வெட்டு இரவில், வகுப்பிலேயே இதைச் செய்து பார்த்தோம். நுளம்புச் சுருளைக் கொளுத்தி மேசையில் வைத்தோம். கதவோரம் ஒருவன், யன்னலோரம் ஒருத்தி, ஆளுக்கொரு ரோச் லைற். சுருளின் புகையில் இரண்டு கற்றைகளும் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டன. வெட்டிய இடத்தில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம், அவ்வளவுதான். வெட்டிய பிறகு இரண்டும் தங்கள் பாட்டில் நேராகப் போய்ச் சுவரில் விழுந்தன. ஒரு லைற்றை அணைத்தோம். மற்றதன் வட்டம் சுவரில் அசையவேயில்லை.

மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் சொல்வதும் இதைத்தான். போட்டோனுக்கு ஏற்றம் இல்லை, ஆகவே இன்னொரு போட்டோனைப் பிடித்துத் தள்ள அதற்குக் கையில்லை. ஆனால் குவாண்டம் கொள்கையில் ஒரு பின்கதவு இருக்கிறது. போட்டோன் கணநேரம் ஓர் இலத்திரன்–பொசித்திரன் சோடியாக விரியலாம் (பொசித்திரன் என்றால் இலத்திரனின் நேரேற்ற இரட்டை). அந்தச் சோடிக்கு ஏற்றம் உண்டு. மற்றப் போட்டோன் அதில் படலாம். பிறகு எல்லாம் மறுபடி இரண்டு போட்டோன்களாகச் சுருங்கி வேறு திசையில் போகலாம். 1936இல் ஹான்ஸ் ஒயிலரும் வேர்னர் ஹைசன்பேர்க்கும் இதைச் சமன்பாடாக எழுதி வைத்தார்கள். ரோச் லைற் வெளிச்சத்தில் இது நடக்கும் வாய்ப்பு, எங்கள் வகுப்பறையில் ஊழிக்காலம் வரை சுருள் கொளுத்தினாலும் காணக் கிடைக்காத அளவு சிறியது.

அப்புறம் எண்பது வருடம் கழிந்தது. 2015இன் ஈய மோதுகைகளில் 400 கோடிக்கு மேற்பட்ட நிகழ்வுகளைச் சலித்து, 13ஐப் பொறுக்கி எடுத்தது அட்லஸ் குழு. அந்த முடிவு 2017இல் வெளிவந்தது. பதின்மூன்றில் இரண்டு மூன்று வேறு காரணத்தாலும் வந்திருக்கலாம் என்பது அவர்களே போட்ட கணக்கு. புள்ளிவிபர பலம், அதாவது இது தற்செயல் அல்ல என்பதன் உறுதி, 4.4 சிக்மா. இந்தத் துறையில் ஐந்துக்குக் கீழே இருந்தால் ‘சான்று’ என்பார்கள், ‘கண்டோம்’ என்று சொல்ல மாட்டார்கள். 2018இன் தரவோடு 59 நிகழ்வுகள் கிடைத்தன, பலம் 8.2க்கு ஏறியது. 2019இல் ‘கண்டோம்’ என்றார்கள். எனக்கு அந்த 59ஐ விட அந்த 13தான் பெரிது. 400 கோடியில் 13 என்றால், நிலாவெளிக் கரையில் மணலைச் சல்லடை போட்டு ஊசி எடுத்த மாதிரி.

இவ்வளவு குப்பைக்குள் அதை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

வெறுமையை வைத்துத்தான். ஈயமும் ஈயமும் நேருக்கு நேர் முட்டிய நிகழ்வின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ஆயிரக்கணக்கான கோடுகள், தேங்காய்த் துருவலைக் கொட்டின மாதிரி. போட்டோன்–போட்டோன் நிகழ்வின் படத்தை வகுப்பில் காட்டினால், ‘சேர், படம் லோட் ஆகேல்ல’ என்பார்கள். உணரியின் நடுப்பகுதி முழுக்கக் காலி. வெளி வட்டத்தில் ஒரு பக்கம் ஒரு சக்திக் குவியல், நேர் எதிர்ப் பக்கம் இன்னொன்று. நடுவில் ஒரு தடம்கூட இல்லை. இரண்டு குவியல்களின் குறுக்குவாட்டு உந்தத்தையும் கூட்டினால் கிட்டத்தட்டப் பூச்சியம். அதுதான் அடையாளம்.

புரோத்தன் மோதுகையில் இந்த வெறுமை கிடைப்பது கடினம், ஏனென்றால் கற்றைகள் ஒவ்வொரு தரம் குறுக்கிடும்போதும் பல பத்து மோதுகைகள் ஒரே நேரத்தில் நடக்கும். அதற்கு ஒரு வழி, போட்டோனைக் கொடுத்துவிட்டு உடையாமல் தப்பிப் போகும் புரோத்தனையே பிடிப்பது. அது கொஞ்சம் சக்தியை இழந்திருக்கும், ஆகவே காந்தங்கள் அதைக் கற்றையிலிருந்து மயிரளவு விலக்கிவிடும். மோதும் இடத்திலிருந்து 200 மீற்றருக்கு மேல் தள்ளி, கற்றைக்குச் சில மில்லிமீற்றர் பக்கத்தில் உணரிகள் காத்திருக்கின்றன. அந்த உணரிகளை வைக்கும் கூட்டுக்கு ‘ரோமன் பானை’ என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் ரோம் நகரத்துக் குழுவினர் சேர்னுக்காகச் செய்தது, பார்க்கவும் பானை மாதிரி. கோடிக்கணக்கில் செலவழித்த இயந்திரத்தில் ஒரு பானை இருக்கிறது என்று சொன்னால் எங்கள் வீட்டில் நம்புகிறார்கள் இல்லை.

ஈயத்திலிருந்து பொன் செய்கிறார்களாம். அப்படியென்றால் பவுண் விலை ஏன் இப்படி ஏறுது, சேர்?

பக்கத்து வீட்டு அன்ரி கேட்டது. மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், ஆகவே கேள்வியில் அவசரம் இருந்தது.

செய்தி உண்மை. ஈயக் கருவில் 82 புரோத்தன். பொன்னில் 79. மூன்று போனால் பொன். விலகிப் போகும் இன்னொரு கருவின் போட்டோனை ஓர் ஈயக் கரு விழுங்கினால், அதன் புரோத்தன்கள் ஒரு பக்கமும் நியூத்திரன்கள் மறுபக்கமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நியூத்திரன்கள் தெறிக்கும். ஒரு புரோத்தனும் போனால் தாலியம். இரண்டு போனால் இரசம், அதாவது பாதரசம். மூன்று போவது அரிது, ஆனால் நடக்கிறது. கற்றையின் நேர்த்திசையில் நூறு மீற்றருக்கு மேல் தள்ளி வைத்த உணரிகளால் தெறித்த புரோத்தனையும் நியூத்திரனையும் எண்ணி, அலிஸ் குழு இதை அளந்தது. மோதும் இடத்தில் விநாடிக்கு அதிகபட்சம் 89,000 பொன் கருக்கள்!

கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. 2015 முதல் 2018 வரை நான்கு சோதனைகளிலும் சேர்த்து உண்டானவை 8,600 கோடிப் பொன் கருக்கள். நிறை 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை ஒரு இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் 29 பங்கு. ஒரு பவுண் 8 கிராம். அந்த நான்கு வருட ஓட்டத்தை ஏறத்தாழ 27,600 கோடி தரம் திரும்ப ஓட்டினால் அன்ரிக்கு ஒரு பவுண். அதுவும் கைக்கு வராது: அந்தப் பொன் கரு அதே வேகத்தில் போய்க் குழாயிலோ தடுப்பிலோ முட்டிச் சிதறிவிடும்.

அன்ரி கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப கடையிலயே வாங்குவம்.”

பொன்னைத் தவிர வேறு என்ன உண்டாகிறது?

நிறைய. போட்டோன் இரண்டும் சேர்ந்து இலத்திரனும் பொசித்திரனுமாக மாறலாம். 1934இல் பிரைட்டும் வீலரும் இதைக் கணித்தார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் ஸ்டார் குழு 2021இல் இப்படிப் பிறந்த 6,000க்கு மேற்பட்ட சோடிகளை வைத்து, கணிப்பு கோணம் முதற்கொண்டு பொருந்துவதைக் காட்டியது. அங்கே மோதவிட்டது பொன் கருக்கள். பொன்னைத் தேடி ஓடுகிற உலகத்தில் அவர்கள் பொன்னைக் கொண்டு வெளிச்சம் செய்தார்கள்!

டபிள்யூ துணிக்கைச் சோடியும் பிறக்கும். ஒன்றின் திணிவு, சக்திக் கணக்கில், சுமார் 80 கிகா, சோடிக்கு 160. ஈயத்தின் போட்டோன்கள் அந்த வாசலில் வந்து மூச்சு வாங்கும், ஆகவே இங்கே புரோத்தன்தான் வேண்டும். 2020இல் அட்லஸ் இதை 8.4 சிக்மா பலத்தோடு கண்டது. வெறும் வெளிச்சத்திலிருந்து இவ்வளவு பாரமான துணிக்கைகள்.

டௌ துணிக்கைச் சோடியும் உண்டு. இலத்திரனின் பாரமான உறவுக்காரன் டௌ, பிறந்து ஒரு பிக்கோவிநாடிக்குள் செத்துவிடும். அதன் காந்தத் திருப்புதிறனை, அதாவது அது எவ்வளவு வலிய குட்டிக் காந்தம் என்பதை, காந்தத்தில் சுற்றவிட்டு அளக்க நேரமில்லை. ஆனால் இரண்டு போட்டோன்களிலிருந்து டௌ எவ்வளவு உண்டாகிறது என்பது அந்தத் திருப்புதிறனில் தங்கியிருப்பதால், எண்ணிப் பார்த்தே அளவைப் பிடிக்கிறார்கள். சி.எம்.எஸ். குழு 2024இல் வெளியிட்டது அப்படி ஓர் அளவீடுதான்.

இதால் எங்களுக்கு ஆபத்து ஏதும்?

இல்லை. ஆபத்து இயந்திரத்துக்குத்தான். விலகிப் போகும்போது பிறந்த இலத்திரனை ஈயக் கரு பிடித்து வைத்துக்கொண்டால் அதன் ஏற்றம் 82இலிருந்து 81 ஆகும். காந்தங்கள் அதைச் சரியாக வளைக்க முடியாமல், அப்படியான கருக்கள் எல்லாம் குழாய்ச் சுவரில் ஒரே இடத்தில் போய் முட்டும். குளிரில் மிகைக்கடத்தியாக இருக்கும் காந்தம் அங்கே சூடாகி, தன் வேலையை விட்டுவிடக்கூடும்.

சேர்ன் தூரம். இங்கே திருகோணமலையில் இப்படி ஏதாவது நடக்குமா?

புல்மோட்டைக்குப் போங்கள். கறுப்பு மணலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதில் இல்மனைற், சேர்கன், உரூட்டைல், அவற்றோடு கொஞ்சம் மொனசைற். மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. தோரியம் படிப்படியாகத் தேய்ந்து போகும் வழியில் தாலியம்-208 என்று ஒன்று வரும். அது தேயும்போது 2.6 மெகா இலத்திரன்வோல்ட் சக்தியுள்ள காமாப் போட்டோன் வெளிவரும். இலத்திரனும் பொசித்திரனும் உண்டாக 1.022 மெகா போதும். ஆகவே அந்தப் போட்டோன் பக்கத்தில் ஒரு கருவின் புலத்தில் பட்டு, சில வேளை ஒரு சோடியாக மாறிவிடும். சேர்னில் நடப்பதன் ஏழை உறவு இது, சக்தி முப்பதாயிரம் மடங்கு குறைவு.

1933இல், பொசித்திரனைக் கண்டு ஒரு வருடம்கூட நிறையாத நிலையில், அதை ஆய்வுகூடத்திலேயே உண்டாக்கியது இதே தோரிய வழிக் காமாக் கதிரால்தான். படவிட்ட இலக்கு ஈயத் தகடு.

இது பரீட்சைக்கு வருமா?

ஒளிமின் விளைவு வரும். இது வராது.

இரண்டு கருவும் ஒரே மாதிரி. எது போட்டோனைக் கொடுத்தது, எது வாங்கியது என்று எப்படித் தெரியும்?

வகுப்பில் எப்போதும் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்டது. நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஒரு கருவின் போட்டோன் மற்றக் கருவில் பட்டு ரோ மீசன் என்ற துணிக்கையாக வெளிவரும் நிகழ்வுகள் ஏராளம். இடப் பக்கக் கரு கொடுத்து வலப் பக்கக் கரு வாங்கியதா, மறுவளமா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. உணரி போதாததால் அல்ல. அந்தத் தகவலே எங்கும் பதியவில்லை. அப்படியான இடத்தில் குவாண்டம் விதி, இரண்டு வழியின் அலைகளையும் சேர்த்துவிட்டுப் பிறகு வர்க்கம் எடு என்கிறது, நீங்கள் படித்த யங்கின் இரட்டைத் துவாரப் பரிசோதனை மாதிரி. இங்கே துவாரங்கள் இரண்டு கருக்கள். ரோ மீசனின் விசயத்தில் இரண்டு அலைகளும் எதிர்க் குறியோடு சேர்வதால், குறுக்குவாட்டு உந்தம் பூச்சியத்தை நெருங்கும் இடத்தில் ஒன்றை ஒன்று அழிக்க வேண்டும். அங்கே நிகழ்வுகள் குறைந்து பள்ளம் விழ வேண்டும். ஸ்டார் குழு 2009இல் வெளியிட்ட அளவீட்டில் அந்தப் பள்ளம் விழுந்திருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, பிள்ளை. ரோ மீசன் ஒரு பெம்டோமீற்றர் போவதற்குள் செத்து, பயோன் என்ற இரண்டு துணிக்கைகளாக உடைந்துவிடும். கருக்களுக்கு நடுவில் இருபது, முப்பது பெம்டோமீற்றர் இடைவெளி. ஆகவே ஒரு கருவிடம் பிறந்த ரோவின் அலை மற்றக் கருவிடம் பிறந்ததன் அலையைச் சந்திக்கவே நேரமில்லை. சந்திக்காத இரண்டு அலைகள் ஒன்றையொன்று எப்படி அழித்தன? உடைந்து வந்த பயோன்கள் இரண்டும் சேர்ந்தே அந்தக் கணக்கைச் சுமந்து வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தால் பள்ளம் தெரியாது. சனிக்கிழமை கொஞ்சம் முந்தி வாரும், பலகையில் வரைந்து காட்டுகிறேன்.